பட்டாணி சைஸ் கட்டியும் பைத்தியக்காரப் பட்டமும்

"சுகர் இருக்கா?" என்று நம்ம ஊரில் யாராவது கேட்டால் அது ஏறுகிற சுகரைப் பற்றித்தான். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்குபவரைப் பார்த்தாலே பக்கத்து இலைக்காரர் "எத்தனை வருஷமா?" என்று ஆரம்பித்துவிடுவார். இறங்குகிற சுகரைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே கிடையாது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் வரும் "லோ சுகர்" ஓரளவுக்குத் தெரியும். அதற்குப் பாக்கெட்டில் சாக்லேட் வைத்திருப்பார்கள்.

ஆனால் சுகர் வியாதியே இல்லாத ஒருவர், ஊசி மாத்திரை எதையும் தொடாத ஒருவர், அவருடைய உடம்பே ராத்திரி பகலாக இன்சுலினை ஊற்றிக்கொண்டே இருந்தால்?

அந்த வியாதிக்குப் பெயர் இன்சுலினோமா. கணையத்தில் வருகிற நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் ஒரு வகை. ரொம்ப அபூர்வம். அமெரிக்காவில் மேயோ கிளினிக் இருக்கிற ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் கணக்கெடுத்தபோது பத்து லட்சம் பேருக்கு வருஷத்துக்கு நாலு பேர் என்று வந்தது. நம்ம துறைக்காரர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டுமென்றால் ஸ்டீவ் ஜாப்ஸைச் சொல்லலாம். 2003ல் அவருக்குக் கண்டுபிடித்ததும், 2011ல் அவரைக் கொண்டுபோனதும் சாதாரண கணையப் புற்றுநோய் கிடையாது, இந்த நியூரோஎண்டோகிரைன் குடும்பத்தைச் சேர்ந்த கட்டிதான். இன்சுலினோமா அதே குடும்பத்தில் கொஞ்சம் சாதுவான பிள்ளை. பத்தில் ஒன்பது கட்டிகள் பரவாது, பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆனால் சாது மிரண்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவு.

(கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. ஆணி அதிகமாக இருப்பவர்கள் சனிக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளவும் :-) )

ஒரு டீஸ்பூன் கணக்கு

முதலில் கொஞ்சம் அடிப்படை. நம் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் ஒரு சமயத்தில் கரைந்திருக்கிற சர்க்கரை மொத்தமே நாலைந்து கிராம்தான். ஒரு டீஸ்பூன்! அந்த ஒரு டீஸ்பூனை வைத்துக்கொண்டுதான் எல்லாம் நடக்கிறது. மூளை நம் எடையில் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான். சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. அன்றாடங்காய்ச்சி.

இந்த ஒரு டீஸ்பூன் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது கணையத்தில் இருக்கிற பீட்டா செல்களின் வேலை. சர்க்கரை ஏறினால் இன்சுலினைத் திறந்துவிடும். இறங்கினால் மூடிவிடும். மூடினதும் கல்லீரல் தன் கிடங்கிலிருந்து சர்க்கரையை எடுத்து விடும். அருமையான ஃபீட்பேக் லூப். இன்சுலினோமா என்பது இந்த பீட்டா செல்களே பெருகி உண்டான கட்டி. அது சென்சாரை மதிக்காது. சர்க்கரை 40க்கு வந்தாலும் "எனக்கென்ன" என்று இன்சுலினைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிறுத்துகிற கண்டிஷனை எழுத மறந்த வைல் லூப் மாதிரி.

அப்போது என்ன ஆகும்? முதல் அலையில் அட்ரினலின் வேலை செய்யும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், அகோரப் பசி. இரண்டாவது அலையில் மூளைக்கே சாப்பாடு போதாமல் போகும். பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் சிரிப்பு வரும், சண்டை வரும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அப்புறம் வலிப்பு. அதற்கும் அப்புறம் கோமா. அடிக்கடி இப்படி ஆகிக்கொண்டே இருந்தால் முதல் அலை மழுங்கிப்போய், எச்சரிக்கையே இல்லாமல் நேரடியாக இரண்டாவது அலைதான் வரும்.

இதில் பெரிய கொடுமை, தெளிந்தபிறகு நடந்தது எதுவும் பாதிக்கப்பட்டவருக்கு ஞாபகம் இருக்காது. தன் கதையைத் தானே சொல்ல முடியாத வியாதி. பார்த்தவர்கள் சொல்வதுதான் கதை. பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? குடிகாரன், நடிப்புக்காரி, காக்கா வலிப்பு, பைத்தியம். இந்த வியாதியின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, கட்டியைக் கண்டுபிடித்த கதையை விட, இந்தப் பட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிய கதையாகத்தான் எனக்குத் தெரிந்தது.

வேலை தெரியாத திட்டுகள்

1869. பெர்லின். பால் லாங்கர்ஹான்ஸ் என்று 21 வயசுப் பையன். மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வுக்காக முயலின் கணையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீரணத் திரவம் சுரக்கும் செல்களுக்கு நடுவே, அங்கங்கே வேறு மாதிரி செல்கள் கூட்டமாக இருந்தன. வரைந்தார், விவரித்தார். இவற்றின் வேலை என்ன என்பது தனக்குத் தெரியாது என்று நேர்மையாக எழுதியும் வைத்தார். (இப்படி எழுதுகிற தைரியம் நம் டிசைன் டாக்குமெண்ட்களில் எத்தனை பேருக்கு உண்டு?) 1888ல் மடீரா தீவில், 40 வயசிலேயே இறந்தும்போனார். அந்தச் செல்களுக்கு அவர் பெயரை வைத்தது 1893ல், லாகெஸ் என்கிற பிரெஞ்சுக்காரர். நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் "லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்" என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

1889ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். நாய்க்கு சர்க்கரை வியாதி வந்தது. ஆக, கணையத்தில் ஏதோ ஒன்று சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்று உறுதியானது. 1902ல் கனடாவின் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் நிக்கோல்ஸ் என்ற டாக்டர், இந்தத் திட்டுகளிலிருந்து வளர்ந்த ஒரு சின்னக் கட்டியைப் பற்றி எழுதினார். பிரேதப் பரிசோதனையில் தென்பட்டது. கட்டி இருந்தது என்று எழுதினார், அவ்வளவுதான். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது அது அவரை என்ன செய்தது என்று கேட்க வழியே இல்லை. ஏனென்றால் அந்தத் திட்டுகள் சுரப்பது என்ன என்பதே அப்போது உலகத்துக்குத் தெரியாது.

முயல்கள் சொன்ன சேதி

இருபது வருஷம் தாண்டி டொராண்டோவுக்கு வருவோம். 1921–22. பாண்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப். இன்சுலின் கண்டுபிடித்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே. ஜனவரி 1922ல் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு ஊசி போட்டார்கள், பிழைத்தான். 1923லேயே நோபல்.

இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு சின்ன விஷயம் உண்டு. காலிப் தான் சுத்தப்படுத்திய மருந்தை முயல்களில் சோதித்துக்கொண்டிருந்தார். மருந்து அதிகமானால் முயல்கள் இழுத்துக்கொண்டு விழுந்தன. வலிப்பு. செத்துப்போகப் போகிறது என்று நினைத்த முயலுக்கு குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்துகொண்டது. சர்க்கரை குறைந்தால் மூளை என்ன பாடுபடும், சர்க்கரை கொடுத்தால் எப்படித் திரும்பும் என்பது அந்தக் கூண்டுகளில்தான் தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம் மனுஷர்களிடமும் இதே பார்த்தார்கள். இன்சுலின் டோஸ் கூடிப்போன நோயாளிகள் வியர்த்து, உளறி, மயங்கினார்கள். அலபாமாவைச் சேர்ந்த சீல் ஹாரிஸ் என்ற டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இதே நடுக்கம், இதே பசி, இதே உளறல், ஊசியே போட்டுக்கொள்ளாத என் நோயாளிகள் சிலருக்கும் வருகிறதே! அவர்கள் உடம்பே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறதோ? 1924ல் கட்டுரையாக எழுதினார். இன்சுலின் குறைந்தால் ஒரு வியாதி என்றால், கூடினாலும் ஒரு வியாதி இருக்க வேண்டுமே. ரொம்ப எளிமையான லாஜிக். ஆனால் முதலில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

தன் வியாதியைத் தானே பார்த்த டாக்டர்

ஆதாரம் கிடைத்தது மேயோ கிளினிக்கில். 1926ல் அங்கே வந்த நோயாளியே ஒரு டாக்டர். அடிக்கடி மயக்கம், குழப்பம். எதையாவது சாப்பிட்டால் சரியாகிறது என்று கவனித்திருந்தார். விட்டு விட்டுச் சாப்பிட்டே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை பாதாளத்தில். வில்லியம் மேயோவே வயிற்றைத் திறந்து பார்த்தார். கணையத்தில் கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. எடுக்க வழியில்லை, மூடிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த டாக்டர் இறந்துவிட்டார்.

ரஸ்ஸல் வைல்டரும் அவர் சகாக்களும் விடவில்லை. கல்லீரலுக்குப் பரவியிருந்த கட்டியிலிருந்து சாறு எடுத்து முயல்களுக்குப் போட்டார்கள். முயல்களின் சர்க்கரை மடமடவென்று இறங்கியது. கட்டிக்குள் இருந்தது இன்சுலின்! 1927ல் வெளியான அந்தக் கட்டுரைதான் முதல் நிரூபணம். கட்டி, இன்சுலின், மயக்கம் என்று மூன்றையும் ஒரே கோட்டில் கட்டியது அதுதான்.

எனக்கு இந்த டாக்டர் நோயாளியை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. அவர் டாக்டராக இருந்ததால் "சாப்பிட்டால் தெளிகிறது" என்று அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் அதே வார்த்தையை ஒரு கூலித்தொழிலாளியோ வீட்டுக்காரம்மாவோ சொல்லியிருந்தால்?

மறுபடியும் டொராண்டோ

1929. டொராண்டோவில் ஒரு நோயாளி. வலிப்பு, கோமா என்று அவதி. பரிசோதித்தவர்களில் ஒருவர் வால்டர் கேம்ப்பெல். பெயரைக் கவனியுங்கள். 1922ல் பாண்டிங் குழுவோடு சேர்ந்து இன்சுலினை முதன்முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களில் இவரும் ஒருவர், அந்தக் கட்டுரையிலும் இவர் பெயர் இருக்கிறது. ஏழு வருஷத்துக்குள் அதே ஊரில் அதே மனிதர், இன்சுலின் இல்லாமல் சாகிறவர்களையும் பார்த்துவிட்டார், இன்சுலின் வழிந்து சாகக் கிடந்தவரையும் பார்த்துவிட்டார்!

ராஸ்கோ கிரஹாம் என்ற சர்ஜன் கணையத்தைத் திறந்து, கட்டியைக் கண்டுபிடித்து, எடுத்துவிட்டார். வலிப்பு நின்றது. கோமா நின்றது. வாழ்நாள் வியாதி ஒரே மதியத்தில் முடிந்தது. இன்சுலினோமாவை வெட்டியெடுத்துக் குணமாக்கிய முதல் கேஸ் இதுதான். நிக்கோல்ஸ் கட்டியை எழுதி வைத்ததிலிருந்து கணக்குப் போட்டால் 27 வருஷம்.

விப்பிளின் மூன்று கேள்விகள்

இந்தச் செய்தி பரவியதும் அடுத்த பிரச்சினை ஆரம்பித்தது. களைப்பு, படபடப்பு என்று வந்தவர்களையெல்லாம் "ஒருவேளை கட்டியோ?" என்று திறக்க ஆரம்பித்தார்கள். பல பேருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. சும்மா கத்தி பட்டதுதான் மிச்சம். அந்தக் காலத்தில் கணையத்தில் கை வைப்பது விளையாட்டு இல்லை.

நியூயார்க்கில் கொலம்பியா பிரஸ்பிடீரியனில் ஆலன் விப்பிள் என்று பெரிய சர்ஜன். பாரசீகத்தில், மிஷனரி பெற்றோருக்கு 1881ல் பிறந்தவர். கணையப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் செய்கிற "விப்பிள் ஆபரேஷன்" இவர் பெயரில்தான் இருக்கிறது. வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் என்ற பெண் டாக்டரோடு சேர்ந்து 1935ல் இந்தக் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். சர்ஜரியில் பயிற்சி எடுத்துவிட்டு நோய்க்குறியியல் பக்கம் போனவர் ஃபிரான்ட்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னது அவர்தான், ஆனால் பெயர் நின்றது விப்பிளுக்கு மட்டும். 1930களின் நடுவில் விப்பிள் வகுத்த விதி மூன்றே வரி:

1. பட்டினி கிடக்கும்போது இந்த அறிகுறிகள் வர வேண்டும்.
2. அந்தச் சமயத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 50 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும்.
3. குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிய வேண்டும்.

மூன்றும் இருந்தால் மட்டுமே கத்தியை எடு.

நம்ம ஆட்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குமே? பக் ரிப்போர்ட்! முதலில் ரீப்ரொட்யூஸ் பண்ணு. அது நடக்கும்போதே லாக் எடு. ஃபிக்ஸ் போட்டதும் போய்விடுகிறதா என்று பார். இரண்டாவது விதியில்தான் மொத்த சூட்சுமமும். "அந்தச் சமயத்தில்". மயக்கம் தெளிந்து, ஆட்டோ பிடித்து, வரிசையில் காத்திருந்து, மறுநாள் காலையில் ரத்தம் கொடுத்தால் சர்க்கரை நார்மலாகத்தான் இருக்கும். பிறகு யார் நம்புவார்கள்?

அதே வருஷங்களில் இன்னொரு கூத்து

விப்பிள் இப்படி எழுதிக்கொண்டிருந்த அதே 1930களில் வியன்னாவில் மான்ஃபிரெட் சேக்கல் என்பவர் ஒரு சிகிச்சையை அறிவித்தார். மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே இன்சுலினை ஏற்றி, சர்க்கரையை இறக்கி, கோமாவில் தள்ளி, பிறகு குளுக்கோஸ் கொடுத்து எழுப்புவது. வாரக்கணக்கில் தினமும் இது நடக்கும். உலகம் முழுக்க மனநல மருத்துவமனைகளில் இதற்கென்றே தனி வார்டுகள் முளைத்தன. 1953ல் ஹெரால்ட் போர்ன் என்ற இளம் டாக்டர் "இது வெறும் கட்டுக்கதை" என்று எழுதினார். 1957ல் முறையான ஒப்பீட்டுச் சோதனையில், இன்சுலினுக்குத் தனியாக எந்த மகிமையும் இல்லை என்று தெரிந்தது. அதற்கப்புறமும் உடனே நிற்கவில்லை. கணித மேதை ஜான் நாஷுக்கு 1961ல் இதைக் கொடுத்திருக்கிறார்கள். "எ பியூட்டிஃபுல் மைண்ட்" படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம், சர்க்கரை இறங்கியதால் உளறியவர்களை மனநோயாளி என்று உள்ளே அனுப்பினார்கள். இன்னொரு பக்கம், உள்ளே இருந்த மனநோயாளிகளுக்குச் சர்க்கரையை இறக்குவதே வைத்தியம் என்றார்கள். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இன்சுலினோமாக்காரர் யாராவது இருந்திருந்தால் அவர் கதி என்ன? இதை நினைத்து ஒரு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிட்டையின் கடைசிப் பக்கம்

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் மாமா. விருதுநகர் பக்கம் பலசரக்குக் கடை. விடிகாலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு கடை திறக்கிற பழக்கம். சில வருஷத்துக்கு முன்னால் திடீரென்று காலை வேளைகளில் ஒரு மாதிரி ஆக ஆரம்பித்தார். ஆள் யாரென்று தெரியாமல் முழிப்பார். அரைக் கிலோ பருப்பு கேட்டால் கல்லாப் பெட்டியைத் திறந்து வெறித்துப் பார்ப்பார். ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருத்தரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். ஊர் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: "காலங்காத்தாலயே ஊத்திக்கிறாரு." அவர் வாழ்க்கையில் தொட்டதே கிடையாது. பெண்ணுக்கு வந்த ஒரு சம்பந்தம் சத்தமில்லாமல் நின்றுபோனது.

ஒரு இடத்தில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் மனசு சரியில்லை என்று மாத்திரை. இரண்டு வருஷம் ஓடியது. எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பின்னே, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருந்தால்?

அத்தை எட்டாவது வரைக்கும்தான் படித்தவர். அவர்தான் சொன்னார், "என்னமோ தெரியல தம்பி, டீயக் குடிச்சிட்டா தெளிஞ்சிர்றாக. ஏகாதசி விரதம் இருந்தா அன்னைக்கு ரொம்ப மோசமா இருக்கு." கடைச் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் தேதி, மணி, முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். விப்பிள் என்று ஒருவர் இருந்தது அத்தைக்குத் தெரியாது. ஆனால் மூன்றில் இரண்டு விதியை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார்! அந்தச் சிட்டையைப் பொறுமையாகப் படித்த ஒரு இளம் டாக்டர், மயக்கம் வரும்போதே வீட்டில் சுகர் பார்க்கச் சொன்னார். வந்த நம்பர் 38.

கண்ணுக்குத் தெரியாததை எண்ணிய பெண்மணி

38 வந்துவிட்டால் மட்டும் போதாது. அதற்குக் காரணம் இன்சுலின்தானா என்று தெரிய வேண்டும். விப்பிள் காலத்தில் ரத்தத்தில் இருக்கிற இன்சுலினை அளக்கவே வழி கிடையாது. அவ்வளவு நுணுக்கமான அளவு. அதை முடித்துவைத்தவர் டாக்டரே இல்லை. ரோசலின் யாலோ, அணு இயற்பியல் படித்தவர். நியூயார்க் பிராங்க்ஸில் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில், துப்புரவுச் சாமான்கள் வைக்கிற அறையை லேபாக மாற்றிக்கொண்டு, சாலமன் பெர்சன் என்ற டாக்டரோடு வேலை பார்த்தார். கதிரியக்க இன்சுலினையும் ஆன்டிபாடியையும் வைத்து 1959–60ல் ரேடியோஇம்யூனோஅஸ்ஸே என்ற முறையை உருவாக்கினார்கள். இவர்களுடைய ஆரம்பகாலக் கட்டுரை ஒன்றைப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. 1977ல் நோபல் வாங்கியபோது அந்த நிராகரிப்புக் கடிதத்தையே தன் உரையில் காட்டினார் யாலோ. (என்னா கெத்து!) பெர்சன் 1972லேயே இறந்துவிட்டதால் அவருக்கு நோபல் இல்லை.

இன்னொரு சிக்கல். திருட்டுத்தனமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு மயங்குகிறவர்களும் உண்டு. அதை எப்படிப் பிரிப்பது? விடை வந்தது 1967ல், சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனரிடமிருந்து. உடம்பு இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை, புரோஇன்சுலின் என்று நீளமாகச் செய்து, நடுத்துண்டை வெட்டிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அந்த நடுத்துண்டுதான் சி-பெப்டைட். ஊசி இன்சுலினில் அது இருக்காது. ஆகவே இன்சுலினோடு சி-பெப்டைடும் கூடியிருந்தால் சரக்கு உள்ளூர்த் தயாரிப்பு :-) ஸ்டைனர் இதைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியதே ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த இன்சுலினோமாவின் துண்டுகளைத்தான். ஒருவரைப் பைத்தியக்காரர் என்று சொல்லவைக்கிற அதே கட்டி, சர்க்கரை நோயாளிகளுக்கெல்லாம் பயன்படுகிற ஒரு உண்மையைச் சொல்லிவிட்டுப் போனது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் இன்றைய சோதனை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து 72 மணி நேரம் வரை பட்டினி. தண்ணீர் மட்டும். சர்க்கரை இறங்கி அறிகுறி வந்ததும் ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கொடுத்து முடித்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மாமா இருபது மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

எங்கே ஒளிஞ்சிருக்கே?

கட்டி இருக்கிறது என்று தெரிந்தாலும், எங்கே என்று தெரிய வேண்டும். பட்டாணி சைஸ், சுண்டைக்காய் சைஸ் கட்டி. அந்தக் காலத்தில் சர்ஜன் வயிற்றைத் திறந்து விரலால் தடவித்தான் தேட வேண்டும். அகப்படவில்லை என்றால் "வால் பக்கம் இருக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு பாதிக் கணையத்தை வெட்டிய காலமும் உண்டு. கட்டி தலைப்பக்கம் இருந்தால் பாதிக் கணையமும் போச்சு, வியாதியும் அப்படியே.

1980களில் ஆபரேஷன் நடக்கும்போதே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்டை உள்ளே அனுப்பி, இரைப்பைச் சுவரின் மறுபக்கத்திலிருந்தே கணையத்தைப் பார்க்க முடிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது 1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜான் டாப்மேன் குழு செய்தது. கணையத்துக்குப் போகும் தமனிகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கால்சியத்தைச் செலுத்தி, கல்லீரல் சிரையில் இன்சுலின் எப்போது எகிறுகிறது என்று பார்ப்பது. எந்தத் தமனியில் கால்சியம் போனபோது எகிறியதோ, கட்டி அந்தப் பேட்டையில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் பிங் அனுப்பித் தேடுகிற அதே வேலை!

கட்டியோடு வாழ்கிறவர்கள்

கட்டி ஒன்றே ஒன்றாக, பரவாமல் இருந்தால் ஆபரேஷனோடு கதை சுபம். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பத்தில் ஒருவருக்குப் பரவுகிறது. சிலருக்கு மென்-1 என்ற பரம்பரைக் கோளாறால் கட்டிகள் பல இடத்தில் முளைக்கும். 1954ல் வெர்மர் என்ற டாக்டர் ஒரு குடும்பத்தில் கவனித்து எழுதியது அது. அதற்கான ஜீனைக் கண்டுபிடித்தது 1997ல். ஆபரேஷன் தாங்காத உடம்புக்காரர்களும் உண்டு.

இவர்களின் நாள் எப்படி இருக்கும்? இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு சாப்பாடு. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சாப்பாடு. மெதுவாகக் கரைகிறதே என்று பச்சை சோளமாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓட்ட பயம். தனியாகப் படுக்க பயம். தூங்கினால் எழுந்திருப்போமா என்கிற பயத்தோடுதான் தினமும் தூங்க வேண்டும்.

மருந்துகளின் கதையும் வேடிக்கைதான். ரத்த அழுத்தத்துக்கு வந்த டயஸாக்சைடு சர்க்கரையை ஏற்றிவிடுகிறது என்று புகார் வந்தது. அட, இதுதானே இவர்களுக்கு வேண்டும் என்று 1960களின் நடுவில் இந்த வியாதிக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருகிற மாத்திரை அதுதான். என்ன, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், வேண்டாத இடத்தில் முடி வளரும். 1980களில் வந்த ஆக்ட்ரியோடைடு சிலருக்குக் கேட்கும், சிலருக்குச் சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும். புற்றுக்கு வந்த எவரோலிமஸும் சர்க்கரையை ஏற்றுகிற பக்கவிளைவு கொண்டது. 2009ல் இன்சுலினோமாக்காரர்கள் நாலு பேருக்குக் கொடுத்துப் பலன் பார்த்தார்கள். 2011ல் கணைய நியூரோஎண்டோகிரைன் புற்றுகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு கதிர்வீசும் லுட்டீசியம் மருந்துக்கு 2018ல் அங்கே அனுமதி. ஒருத்தருக்குப் பக்கவிளைவு, இன்னொருத்தருக்கு வைத்தியம்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இப்போது ராத்திரியெல்லாம் சர்க்கரையைப் பார்த்து, இறங்கினால் கத்தி எழுப்புகிறது. கட்டி மதிக்காத சென்சாரை வெளியே இன்னொன்றாக மாட்டிக்கொள்கிறோம்.

முடிக்கும் முன்

இத்தனை நோபல், இத்தனை மெஷினுக்குப் பிறகும், எனக்கு இந்தச் சரித்திரத்தில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் பட்டம் கட்டாமல் கவனித்திருக்கிறார். முயல் எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று காலிப் கவனித்தார். தன் மயக்கத்தையே அந்த டாக்டர் கவனித்தார். சிட்டையில் என் அத்தை கவனித்தார். "இவன் ஏன் இப்படி நடந்துக்கிறான்" என்ற கேள்விக்குப் பதில் "கெட்டவன்", "பைத்தியம்" என்று முடிந்துவிடும். "எப்பெப்போ இப்படி நடந்துக்கிறான்" என்று கேட்டால்தான் ஒரு கட்டி கண்ணுக்குத் தெரிகிறது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது விடிகாலையிலோ சாப்பாடு தள்ளிப்போன நேரத்திலோ "ஒரு மாதிரி" ஆகி, இனிப்பு கொடுத்ததும் தெளிந்தால், நேரத்தைக் குறித்து வையுங்கள். முடிந்தால் அந்த நிமிஷமே சுகர் பாருங்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

டிஸ்கி 1: நான் பொட்டி தட்டுகிறவன், டாக்டர் இல்லை. சர்க்கரை இறங்க நூறு காரணம் உண்டு, அதில் கட்டி ரொம்ப அபூர்வம். படித்துவிட்டு யாரும் பயந்துகொள்ள வேண்டாம்.

டிஸ்கி 2: நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் டீயோ ஜூஸோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நேராக ஆஸ்பத்திரிக்கு.

டிஸ்கி 3: மாமாவுக்கு எடுத்த கட்டி ஒன்றே கால் சென்டிமீட்டர். இப்போது காலையில் கல்லாவில் அவர்தான். பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. பதிவர்களில் மருத்துவர்கள் யாராவது இருந்தால் விட்டுப்போனதைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், கும்மி அடிப்பவர்களும் தாராளமாக வரலாம் :-)